சிலுவை அலர்ஜியும் அம்மன் கோயில் ஆப்பிளும்

இதை எழுத எனக்கு ஆறு வருடம் தயக்கம். மூன்று தடவை கொப்பியில் தொடங்கினேன். மூன்று தடவையும் பாதியில் நிறுத்தினேன். மிச்சத் தாளில் என் மனைவி புஷ்பம் கடைச்சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு போய்விட்டாள். தினமும் விபூதி பூசாமல் வாசல் தாண்டாத ஒருவன், "கோயில் பிரசாதம் சாப்பிட்டால் எனக்கு வாய் அரிக்கிறது" என்று எப்படி எழுதுவான்? படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு பயம். கோயிலில் இருக்கிற அம்மாள் என்ன நினைப்பாள் என்பது அதைவிடப் பெரிய பயம். ஆனால் போன பங்குனியில் இங்கே சுவிஸில் எங்கள் கோயில் வரிசையில் நின்றபோது ஒரு காட்சி கண்டேன். எனக்கு முன்னால் நிர்வாகசபைத் தலைவர். பட்டு வேட்டி, கழுத்தில் தங்கம் கட்டிய உருத்திராட்சம். அர்ச்சனைத் தட்டிலிருந்து எடுத்த ஆப்பிள் துண்டைக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, இரண்டு தரம் மென்று, இருமுவதுபோல் இருமி, கைலேஞ்சிக்குள் துப்பி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தொழில் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் நானும் அதையே செய்தவன். அன்று வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

இந்த நாட்டில் வானொலியில் காலநிலைச் செய்தி முடிந்ததும் இன்னொரு செய்தி வரும். மழை, வெயில், பனி எல்லாம் சொல்லிவிட்டு, இன்றைக்குக் காற்றில் எந்த மரத்தின் மகரந்தம் எவ்வளவு பறக்கிறது என்று வாசிப்பார்கள். வந்த புதிதில் எனக்கு டொச்சு என்கிற ஜெர்மன் மொழி அரைகுறை. சித்திரை மாதம் முழுக்க "பிர்கே, பலமாக இருக்கிறாள், பிர்கே, பறக்கிறாள்" என்று கேட்டுவிட்டு, பிர்கே என்பது யாரோ அடங்காத பெண்பிள்ளை, நாடே அவளைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். புஷ்பத்திடம் சொன்னேன். "பாவங்க, யாரு பெத்த புள்ளையோ," என்றாள். அது ஒரு மரத்தின் பெயர் என்று தெரிய ஒரு வருடம் போனது. பூப்பதைச் செய்தியில் சொல்கிற நாடு. ஊரில் மரம் பூத்தால் நாங்கள் காய்க்குமா என்று பார்ப்போம். இவர்கள் பூத்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். ஊரில் ஒரு தும்மல் தும்மினால் போகிற காரியம் உருப்படாது என்று உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். அந்தக் கணக்குப் பார்த்தால் சித்திரையில் சுவிஸ்காரன் ஒருவனும் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது.

பிர்கே மரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அடிமரம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். அந்த வெள்ளையில் குறுக்குக் குறுக்காகக் கறுத்த கோடு ஓடும். தூரத்தில் நின்று பார்த்தால் உடம்பெல்லாம் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு ஒரு சாமியார் நிற்கிற மாதிரியே இருக்கும். முதன்முதலில் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசமரமும் வேம்பும் இல்லாத தேசத்தில் எனக்காகவே சிவபெருமான் அனுப்பி வைத்த மரம் என்று நினைத்தேன். எனக்கு வேலையும் நகரசபைத் தோட்டப் பகுதியில்தான். எங்கள் குடியிருப்பை ஒட்டிய நடைபாதையில் பிர்கே கன்று வைக்கச் சொன்னார்கள். சீக்கிரம் வளரும், விலை குறைவு, பார்க்க அழகு என்று அவர்களுக்குக் காரணம். இருபத்துமூன்று கன்று. இருபத்துமூன்றையும் இந்தக் கையால்தான் வைத்தேன். ஒவ்வொரு குழிக்கும் பிள்ளையாரை நினைத்து மூன்று கை மண் போட்டேன். என்னோடு வேலை செய்த உர்ஸ் என்பவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன சொல்கிறாய் மரத்துக்கு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த மொழியில், "கடவுள்," என்றேன்.

"ஆமாம், சக்தி. நானும் உணர்கிறேன்," என்று சொல்லி ஓடிப்போய் ஒரு பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் கும்பிட்டால் அது மூடநம்பிக்கை, அவன் கட்டிப்பிடித்தால் அது சிகிச்சை. அதற்கு வார இறுதியில் வகுப்பு வைத்துப் பணமும் வாங்குகிறார்களாம். போகட்டும். மரங்கள் வளர்ந்தன. பூக்கிற காலத்தில் புழு மாதிரித் தொங்கும் பூங்கொத்து. வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவேன். கையில் மஞ்சள் தூள் ஒட்டும். குங்குமம் தராவிட்டாலும் மஞ்சளாவது தருகிறதே என்று அதையும் நெற்றியில் பூசிக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

அடுத்தடுத்த வருடங்களில்தான் வாய் அரிக்கத் தொடங்கியது. அதுவும் மாசி, பங்குனி, சித்திரையில் அதிகம். வீட்டில் நாங்கள் பழம் அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை. பழம் என்றால் கோயிலில் தருகிற பழம்தான். இங்கே வாழைப்பழத்தோடு ஆப்பிளையும் அறுத்து வைப்பார்கள். வாயில் வைத்த இரண்டாவது நிமிடம் உதடு தினவெடுக்கும், அண்ணம் அரிக்கும், காதுக்குள் யாரோ இறகு விட்டுக் குடைவது போல் இருக்கும். அரை மணித்தியாலத்தில் போய்விடும். வேறு எவனாக இருந்தாலும் ஆப்பிளில் மருந்தடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். எனக்கு அப்படி நினைக்க வழியில்லை. காரணம், நான் கடன்பட்டவன். காசுக் கடன் இல்லை, அம்மாளுக்கு வைத்த நேர்த்திக் கடன்.

போர்க்காலத்தில் நான் இலங்கையில், மாத்தளையை அடுத்த பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை பார்த்தேன். ஒருநாள் நாலந்தாப் பக்கம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது வழியில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் பெயர் மு. சிவலிங்கம். அவர்களிடம் இருந்த பட்டியலில் சு. சிவலிங்கம் என்று ஒருவன். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். "தலைப்பெழுத்து வேற சார்," என்று சிங்களத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "பெயர் ஒன்றுதானே," என்று அதே பதில். மூன்று நாள் உள்ளே இருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் மாத்தளை மாரியம்மனை நினைத்தேன். வெளியே விட்டால் மாசி மகத் தேருக்குப் பால்குடம் எடுக்கிறேன் தாயே என்று சொன்னேன். நான்காம் நாள் விட்டுவிட்டார்கள். அதே வருடம் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். பால்குடம் அப்படியே நின்றுபோனது. விசா இல்லை, பிறகு லீவு இல்லை, பிறகு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு மாசிக்கும் ஒரு காரணம். ஒவ்வொரு மாசிக்கும் வாய் அரிப்பு. இதைவிடத் தெளிவாக ஒரு தெய்வம் எப்படிப் பேசும்? நான் துப்பக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, புஷ்பத்திடம்கூட. ஏற்கெனவே கோயிலில் எங்களைப் பார்த்து, "நீங்கள் எவடம்? மாத்தளையோ? ஓ, மலைநாட்டுப் பக்கம்," என்று குரலை ஒரு படி இறக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. அம்மாளும் இறக்கிவிட்டாள் என்று தெரிந்தால் வேறு வினை வேண்டாம்.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை பிரசாதத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆப்பிள் கடிக்குது அப்பா," என்றாள். நாங்கள்தான் ஆப்பிளைக் கடிப்போம். பிள்ளைக்குத் தமிழ் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். "சாமி குடுத்தத அப்படிச் சொல்லக் கூடாது. முழுங்கு," என்றேன். விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சட்டைப் பையில் நான் துப்பிய துண்டை லேஞ்சியில் மடித்து வைத்துக்கொண்டுதான் அவளை விழுங்கச் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். தயக்கம் ஆறு வருடம் என்றேனே, அதில் ஐந்து வருடம் இந்த ஒரு வரிக்காக.

கடைசியில் ஒரு மாசிக்கு மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். பால்குடம் எடுத்தேன். ஐந்து தேரும் அசைந்து வந்தபோது குடத்திலிருந்து பால் தளும்பித் தோளில் வடிந்தது. அவ்வளவு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கணக்குத் தீர்ந்தது, இனி வாய் அரிக்காது. மறுநாள் பலாபத்வலையில் தங்கச்சி வீட்டில் விருந்து. தங்கச்சி புருஷன் கணேசன், எனக்கு மச்சான், தன் தோட்டத்தில் முந்திப் பழுத்த வருக்கன் பலா ஒன்றை வெட்டி வைத்திருந்தான். வாசலிலேயே வாசனை. நான் ஒரு சுளை, இரண்டு சுளை என்று நிறுத்தவில்லை. ஒன்பதாவது சுளையில் நாக்குத் தடித்தது. உதடு வீங்கியது. தொண்டைக்குள் யாரோ முடிச்சுப் போடுவது போல் இருந்தது.

கணேசன் முதலில் சிரித்தான். "என்ன மச்சான், ஊருப் பலா உள்ள போக மாட்டேங்குதா? சுவிஸ் தொண்டைக்கு வீசா கேக்குதா?"

"சும்மா இருங்க நீங்க," என்றாள் தங்கச்சி. "அண்ணன் மூஞ்சியப் பாருங்க. கண்ணு திருஷ்டி. நேத்து பால்குடம் எடுக்கையில எத்தன பேரு பார்த்தாங்க."

எனக்குப் பேச நாக்குப் புரளவில்லை. பேசினாலும் என்ன சொல்வது? பால்குடத்தை அம்மாள் ஏற்றுக்கொள்ளவில்லை, வட்டி போட்டு அடிக்கிறாள் என்றுதான் மனம் சொல்லியது. கணேசனின் த்ரீவீலரில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் மூச்சுக்குப் போராடினேனா, மன்னிப்புக்குப் போராடினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஊசி போட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் வீக்கம் வடிந்தது. முக்காடு போட்ட இளம் டொக்டர் ஒருவர், நம்ம ஊர் முஸ்லிம் பிள்ளை, கட்டிலருகில் வந்து தமிழில் விசாரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நேர்த்தி முதல் லேஞ்சி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புஷ்பம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அங்கிள், ஆப்பிளைப் பச்சையா சாப்பிட்டாத்தான் அரிக்குதா? கேக்கில போட்டு அவிச்சுக் குடுத்தா?"

யோசித்தேன். வேலையிடத்தில் ஆப்பிள் கேக் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறேன். "ஒண்ணும் செய்யல மிஸ்."

"பலாக்காய்க் கறி?"

"போன கிழமை பூரா அதான் சாப்பாடு. ஒண்ணுமில்ல."

"அம்மாளுக்குக் கோபம்னா அவிச்சதுலயும் இருக்கணுமே அங்கிள்," என்றார். "பச்சைக்கு ஒரு சட்டம், அவிச்சதுக்கு ஒரு சட்டமா? இது அலர்ஜி. நீங்க இருக்கிற ஊர்ல ஏதோ மரத்துல இருந்து தொடங்கியிருக்கும். அங்க போய் டெஸ்ட் பண்ணுங்க. இனிப் பலாப்பழம் வாயில வைக்காதீங்க."

மரம் என்றதும் எனக்கு எங்கோ ஒரு மணி அடித்தது. ஸ்பைஸ் கார்டனில் என் வேலை, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்குச் செடி காட்டுவது. கறுவா சர்க்கரை வியாதிக்கு, சந்தனம் முகத்துக்கு, சிவப்பு எண்ணெய் மிச்சம் எல்லாவற்றுக்கும். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையில் பெயிலான நான் அங்கே அரை டொக்டர். ஒருநாள் ஒரு ஜெர்மன் அம்மாவுக்குப் பலாச்சுளை கொடுத்தோம். ஒன்றைக் கடித்தவள் உதட்டைத் தொட்டுக்கொண்டு ஏதோ சொன்னாள். கூட வந்த டிரைவர் மொழிபெயர்த்தான்: "அவங்க ஊர்ல ஒரு மரம் பூத்தா இவங்களுக்குப் பழம் எல்லாம் ஆகாதாம்." நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். "பூக்குறது அங்க, வீங்குறது இங்கயா?" என்று கேட்டவன் நான்தான். அவளுக்கு 'அலர்ஜி அம்மா' என்று பட்டம் வைத்தவனும் நான்தான். உதட்டுக்கு என்று சிவப்பு எண்ணெயும் ஒரு போத்தல் விற்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எண்ணெய் வேலை செய்திருக்காது.

சுவிஸ் திரும்பியதும் டெஸ்ட். கையில் வரிசையாகக் குத்தி, துளித்துளியாக விட்டார்கள். ஒரே ஒரு இடம் மட்டும் முழங்கைக்குக் கீழே இட்லி மாதிரி வீங்கியது. டொக்டர் அம்மா அதைப் பார்த்து, "பிர்கே," என்றார். நான் இருபத்துமூன்று நட்டு, தொட்டுக் கும்பிட்ட அதே பிர்கே. பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "உங்களுக்கு இருப்பது க்ரொய்ட்ஸ் அலர்ஜி."

க்ரொய்ட்ஸ் என்றால் எனக்குத் தெரியும். சிலுவை. தேவாலயத்துக் கோபுரத்தில் இருப்பது க்ரொய்ட்ஸ். செஞ்சிலுவை வண்டியில் இருப்பது க்ரொய்ட்ஸ். அம்மாளின் கோபம் இல்லை என்று நிம்மதியாக வந்தவனுக்கு இப்போது ஏசுவோடு பிரச்சினை.

"டொக்டர், எனக்குச் சிலுவைமேல் எந்த வெறுப்பும் இல்லை," என்றேன், எனக்குத் தெரிந்த டொச்சில். "மாதா கோயிலில் நான் மெழுகுதிரி கொளுத்துகிறேன். வருடா வருடம்."

டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். மெதுவாக, "மெழுகுதிரி பரவாயில்லை. வாசனை மெழுகுதிரியா?" என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். பிறகு விளக்குவதற்காக இரண்டு சுட்டுவிரலையும் குறுக்காக வைத்துக் காட்டினார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து நான் தலை குனிந்தேன்.

பக்கத்தில் இருந்த தர்ஷினி, அப்போது பதினான்கு வயது, முகத்தை மூடிக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ். சிலுவை இல்லப்பா. குறுக்க போறது. உங்க உடம்புக்குப் பிர்கே தூள் பிடிக்கல. ஆப்பிள், பலா எல்லாத்துலயும் அதே மாதிரி ஒரு சாமான் இருக்கு. உடம்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. பிர்கேதான் வந்திருக்குனு நெனச்சு அடிக்குது. அவிச்சா அந்தச் சாமானோட உருவம் மாறிடுமாம். அப்ப விட்டுரும்."

எனக்கு இதைவிட நன்றாக யாரும் விளக்க வேண்டியதில்லை. என் உடம்புக்குள் ஒரு செக்பொயின்ட். கையில் ஒரு பட்டியல். பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பாவிப் பலாச்சுளை, "நான் வேற ஆள் சார்," என்று எத்தனை தரம் சொல்லியும், "பெயர் ஒன்றுதானே," என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். எவனிடமிருந்து தப்பி ஏழு கடல் தாண்டி வந்தேனோ, அவனையே தொண்டைக்குள் காவலுக்கு வைத்திருக்கிறேன்.

டொக்டர் அம்மா தர்ஷினியிடம், "உனக்கு?" என்றார்.

"எனக்கும்தான். ஏழு வயசுல இருந்து," என்றாள் அவள். பிறகு தமிழில், என்னைப் பார்க்காமல், "நான் சொன்னேன்தானே அப்பா," என்றாள்.

அவள் கையிலும் குத்தினார்கள். அதே இடம் வீங்கியது. அந்தப் பிள்ளை சொன்ன தமிழில் ஒரு பிழையும் இருந்திருக்கவில்லை. ஆப்பிள் கடித்துத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஓகே," என்றுவிட்டு ஃபோனைப் பார்த்தாள். அம்மாள்கூட அவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டாள்.

வருடத்துக்கு வருடம் இது கூடுகிறது என்று டொக்டர் சொன்னார். சூடு கூடக் கூட மரம் முந்திப் பூக்கிறதாம், நிறையத் தூள் கொட்டுகிறதாம், தூள் கூடினால் பழத்துக்கு வாய் அரிக்கிறவர்களும் கூடுவார்களாம். உர்ஸும் அதையே சொல்கிறான். முன்பெல்லாம் சித்திரையில் வந்த தும்மல் இப்போது பங்குனியிலேயே வந்துவிடுகிறது. ஹாசல் என்று இன்னொரு மரம் தைப்பொங்கலுக்கே பூக்கிறது. மரத்தைக் கட்டிப்பிடித்த உர்ஸ் இப்போது கண் சிவந்து மூக்கு வடிந்து நிற்கிறான். சக்தி கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டது. நகரசபைக்காரர்கள் கூட்டம் போட்டு, இனிப் பிர்கே நடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். நட்டதை என்ன செய்வது என்பதற்கு அடுத்த கூட்டமாம்.

போன பங்குனிக்குப் பிறகு கோயில் தலைவரிடம் போய், "ஐயா, ஆப்பிளை வேகவைச்சு, சர்க்கரை போட்டுப் பிரசாதமாக் குடுங்க, நெறையப் பேருக்கு நல்லது," என்று பணிவாகச் சொன்னேன். "ஆகமத்திலை இல்லாததைச் செய்யேலாது தம்பி," என்றார். ஆகமத்தில் ஆப்பிள் எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவருடைய சட்டைப் பையைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தட்டில் வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் மட்டும் இருந்தன. ஆகமம் எப்போது திருத்தப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. தர்ஷினி இரண்டாவது தரம் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டாள்.

ஊரில் என் கதை என்னைவிட வேகமாக நடக்கிறது. கணேசன் யாருக்கோ சொல்ல, அது வாட்ஸ்அப்பில் ஏறி, வில்கமுவ வரைக்கும் போய்த் திரும்பி எனக்கே வந்தது. ஒன்றில், நேர்த்தியை மறந்த சுவிஸ்காரர் ஒருவர் அம்மாள் சன்னதியிலேயே ஊமையாகிவிட்டார். இன்னொன்றில், பலாப்பழத்தில் விஷம் என்று சுவிஸ் அரசாங்கம் தடை போட்டுவிட்டது. மூன்றாவதில் நான் மதம் மாறிவிட்டேன், சிலுவை பட்டு வாய் வெந்துவிட்டது. பெயரும் ஒவ்வொன்றில் ஒவ்வொன்று.

இப்போது ஊருக்குப் போனால் தங்கச்சி எனக்கு மட்டும் பலாக்காயை அவித்து வைக்கிறாள். மற்றவர்கள் சுளை தின்ன, நான் வாசனை பிடித்துக்கொண்டு கறி தின்கிறேன். "வெள்ளைக்காரனுக்குக் காரம் பத்துமா மச்சான்?" என்கிறான் கணேசன். இங்கே பங்குனி வந்தால் முகமூடி போட்டுக்கொண்டு, வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று, என் இருபத்துமூன்று பேரையும் பார்த்துத் தூரத்திலிருந்தே கும்பிடுகிறேன். நான் நட்ட மரம் கிட்ட விடவில்லை, நான் தின்று வளர்ந்த பலாவை உடம்பு உள்ளே விடவில்லை. பால்குடத்தை அம்மாள் அன்றே ஏற்றுக்கொண்டாள் என்று இப்போது நம்புகிறேன். அவள் பட்டியல் பார்த்து ஆளைப் பிடிக்கிறவள் இல்லை.

இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளை "பழம் கடிக்குது" என்று சொன்னால் விழுங்கச் சொல்லாதீர்கள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள். அனுப்பும்போது தயவுசெய்து ஒன்றும் கூட்டாதீர்கள், ஒன்றும் குறைக்காதீர்கள். பலாப்பழத்தில் விஷம் இல்லை. பிர்கே மரத்தில் பேய் இல்லை. முக்கியமாக, கீழே இருக்கிற என் பெயரை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று மூன்று நாள் உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

மு. சிவலிங்கம்.
சு. இல்லை, மு.